தேய்மானம் என்னும் சொல்

நோயின் பெயர் சில வேளைகளில் நோயாளியின் நடையையே மாற்றிவிடுகிறது. எமது ஊராகிய கப்பல்துறையிலே முழங்கால் நோவுற்ற முதியவர் எவரையேனும் கண்டு, "என்ன வருத்தம்?" என்று வினவினால், "எலும்பு தேஞ்சு போச்சு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையோடு பேச்சும் முடிந்துவிடும். தேய்ந்த பொருளை என்ன செய்வது? தேய்ந்த செருப்பை எறிகிறோம். தேய்ந்த அச்சை மாற்றுகிறோம். மாற்ற வழியில்லையாயின் வண்டியைக் கொட்டிலில் நிறுத்திவிடுகிறோம். நம் வீட்டுத் திண்ணைகளிலே எத்தனை அன்னையர் இவ்வாறு கொட்டிலில் நிறுத்திய வண்டிகளாய் அமர்ந்துவிட்டனர்! இந்தத் 'தேய்மானம்' என்னும் சொல் உண்மைதானா என்று ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அவர்களுடைய எஞ்சிய நடையைப் பற்றிய ஆராய்ச்சியாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் புறத்தே, கண்டி வீதியை அண்டி அமைந்த சிற்றூர் கப்பல்துறை. பெயரிலே கப்பல் இருப்பினும், கால்களை நம்பி வாழும் மக்களே இங்கும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மிகுதி. 1957 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை தன் தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை, துறைமுகத்திலே சுமை தூக்கியும் படியேறியும் உழைத்தவர் பலர். தம்பலகாமத்து வயல்களிலே சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்கள், கடற்கரைகளிலே கரைவலையை இடுப்பிற் கொடுத்துப் பின்னோக்கி இழுத்த ஆண்கள், குந்தியிருந்து தேங்காய் துருவி, மீன் அரிந்து, அம்மியில் அரைத்த இல்லத்தரசியர் ஆகிய இவர்களுடைய முழங்கால்கள் உழைத்த உழைப்புக்குக் கணக்கில்லை. ஆதலின், 'உழைத்ததால் தேய்ந்தது' என்று மக்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை. அம்முடிவு பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமையால் வரும் தீங்குதான் பெரிது.

எம் பெரியம்மாவுக்கு அறுபத்திரண்டாம் வயதில் வலது முழங்காலில் நோவு கண்டது. படம் பிடித்துப் பார்த்தவர் ஒருவர், "தேய்ந்துவிட்டது; இனிக் காலுக்கு வேலை கொடாதீர்கள்" என்று மொழிந்தார். பெரியம்மா அவ்வாக்கை வேதவாக்காகக் கொண்டார். முதலில் கடைக்கு நடப்பதை விட்டார். பின்னர் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் திருவிழாவுக்குச் செல்வதை விட்டார். ஈராண்டிலே, கதிரையிலிருந்து எழவும் பிறர் கைகொடுக்க வேண்டிய நிலை வந்தது. தொடையின் தசை மெலிந்தது, உடல் பருத்தது, நோவோ சிறிதும் குறைந்தபாடில்லை. ஓய்வு கொடுத்த பொருள் மேலும் தேய்வது எங்ஙனம்? இவ்வினாவே எம்மை நூல்களின்பால் செலுத்தியது.

முதலில் மூட்டின் அமைப்பைக் காண்போம். முழங்காலிலே இரு பெரும் எலும்புகளின் முனைகளைப் போர்த்தி, வழுவழுப்பான வெண்ணிற உறை ஒன்று உண்டு. குருத்தெலும்பு என்று பொதுவாக வழங்கும் இதனை, நம் பள்ளிப் பாடநூல்கள் கசியிழையம் என்று கூறும். அதன் தடிப்பு சில மில்லிமீற்றர் மட்டுமே. அதன் எடையிலே ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் நீர். கொலாஜன் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்க, அவ்வலையினுள்ளே அக்ரிக்கன் என்னும் பெரும் மூலக்கூறுகள் நீரைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. இதனாலேயே நாம் மிதிக்கும்போது அமுங்கியும், காலை எடுக்கும்போது மீண்டும் விம்மியும் அது எம்மைத் தாங்குகிறது.

இக்கசியிழையத்திலே குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதன் கனவளவிலே ஏறக்குறைய நூற்றில் இரு பங்கே உயிர்க்கலங்கள். அவை ஒன்றோடொன்று தொடாது தனித்தனியே வாழ்கின்றன. குருதி செல்லாத இடத்திலே இக்கலங்களுக்கு உணவூட்டுவது யார்? நம் நடையே ஊட்டுகிறது. காலை ஊன்றும்போது நீர் வெளியே பிதுங்குகிறது. காலை எடுக்கும்போது மூட்டு நீர் உணவோடு உள்ளே ஊறுகிறது. தம்பலகாமக் குடாவிலே வற்றும் பெருக்கும் மாறி மாறி வந்து கண்டற் காட்டின் வேர்களை நனைப்பது போன்றது இது. நடையை நிறுத்தினால் பெருக்கும் நின்றுபோகும்.

ஆயின் இவ்விழையம் அழிவது எவ்வாறு? கல்லின்மேல் கத்தி தீட்டுவது போன்ற வெறும் உராய்வினால் அன்று என்பதற்கு ஓர் எளிய பரிசோதனை சான்றாக நிற்கிறது. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரத்து ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வுகூடத்தை 1929 முதல் 1970 வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஹொனர் ஃபெல் என்னும் அம்மையார். ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வை விடாத அவர், 1977 ஆம் ஆண்டில் ஜப் என்பவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்றியின் மூட்டிலிருந்து குருத்தெலும்பையும், மூட்டின் உட்புறத்தே படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வையும் எடுத்து, அவர்கள் கண்ணாடிக் கலத்திலே வளர்த்தனர். சவ்வைக் குருத்தெலும்பின்மேல் படிய வைத்தபோது குருத்தெலும்பு அழிந்தது. இரண்டையும் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வைத்தபோதும், உயிருள்ள குருத்தெலும்பு அழிந்தது! உயிரற்ற குருத்தெலும்பை அவ்வாறே விலக்கி வைத்தபோதோ, அது அழியவில்லை.

இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். அங்கே சுமையில்லை, நடையில்லை, உராய்வு சிறிதுமில்லை. எனினும் அழிவு நேர்ந்தது. உயிரற்றது தப்பியது, உயிருள்ளது அழிந்தது என்றால், அழித்தவை குருத்தெலும்பின் சொந்தக் கலங்களே அல்லவா? சவ்விலிருந்து ஏதோ ஒரு செய்தி நீர்வழியே சென்றிருக்கிறது. அச்செய்தியைக் கேட்ட கலங்கள், தாம் வாழ்நாளெல்லாம் காத்த வீட்டைத் தாமே இடிக்கத் தொடங்கியிருக்கின்றன. அச்செய்திப் பொருளுக்கு முதலிலே 'கட்டபொலின்' எனப் பெயரிட்டனர். ஜெரமி சக்லத்வாலா முதலியோர் அதனைப் பிரித்தெடுத்து ஆராய, அஃது இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் புரதமே எனப் பின்னர் தெளிந்தது. கட்டிநசிவுக் காரணி என்னும் மற்றொரு புரதமும் இதே வேலையைச் செய்யும் என்பதை 1986 ஆம் ஆண்டில் சக்லத்வாலா காட்டினார்.

செய்தி கலத்தினுள்ளே செல்லும் வழியும் அறியத்தக்கது. கலத்தின் வெளிச்சவ்விலே வாங்கி என்னும் புரதங்கள் வாயில்காப்போர் போல நிற்கின்றன. இன்டர்லூக்கின்-1 அங்கே வந்து பொருந்துகிறது. அது தானாக உட்புகுவதில்லை. வாங்கி அச்செய்தியை உள்ளிருக்கும் நொதியங்களுக்குக் கைமாற்றுகிறது. என்.எஃப். கப்பா-பி என்னும் புரதம், கருவுக்கு வெளியே வேறொரு புரதத்தினாற் கட்டுண்டு உறங்கிக் கிடக்கும். செய்தி வந்ததும் அக்கட்டு அறுக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் கருவினுட் புகுந்து, அங்கே அடங்கியிருந்த பரம்பரையலகுகளை எழுப்புகிறது. இப்புரதத்தை 1986 ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் டேவிட் பல்டிமோரும், இந்தியாவிலே பிறந்த ரஞ்சன் சென்னும் ஆவர். உடலின் பல்வேறு கலங்களிலே அழற்சியை எழுப்பும் பொதுச் சாவி இதுவேயெனப் பிற்காலம் காட்டியது.

எழுப்பப்பட்ட பரம்பரையலகுகள் வெட்டும் நொதியங்களை ஆக்குகின்றன. அடாம்ட்ஸ்-5 போன்றவை நீரைப் பற்றிநிற்கும் அக்ரிக்கனை வெட்டுகின்றன, எம்.எம்.பி-13 போன்றவை கொலாஜன் வலையை அறுக்கின்றன. எலிகளிலே அடாம்ட்ஸ்-5 நொதியத்தைச் செயலறச் செய்தபோது குருத்தெலும்பின் அழிவு பெரிதும் குறைந்ததென இரு ஆய்வுக் குழுவினர் 2005 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அக்ரிக்கன் போனால் ஓரளவு மீளலாம். கொலாஜன் வலை அறுந்தால் மீளாது. முதிர்ந்த மூட்டிலே அவ்வலையின் அரைவாழ்வுக் காலம் நூறாண்டுக்கு மேற்பட்டதென 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. அதாவது, இளமையில் நெய்த வலையையே நாம் இறுதிவரை உடுத்துகிறோம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வெட்டுண்ட துணுக்குகள் மூட்டு நீரிலே மிதந்து சவ்வை அடைகின்றன. சவ்விலுள்ள காவற் கலங்கள் அத்துணுக்குகளைப் பகையெனக் கருதி, மேலும் அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை மீண்டும் குருத்தெலும்பை அழிக்கின்றன. அழிவு செய்தியை எழுப்ப, செய்தி அழிவைப் பெருக்க, இச்சுழல் ஓயாது சுற்றுகிறது. நரம்பில்லாத குருத்தெலும்பு தானாக நோவதில்லை. அழன்ற சவ்வும், அடியிலுள்ள எலும்பும், சுற்றியுள்ள இழையங்களுமே நோவை உணர்த்துகின்றன. படத்திலே மிகவும் தேய்ந்ததாகத் தோன்றும் முழங்காலோடு நோவின்றி நடப்பவரும், படத்திலே சிறு மாற்றமே காட்டி நோவால் துடிப்பவரும் இருப்பதன் காரணமும் இதுவே.

அவ்வாறாயின் சுமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லையா? தொடர்புண்டு, ஆனால் நாம் எண்ணுவது போன்றதன்று. பருத்த உடலினர்க்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. கைவிரலால் எவரும் நடப்பதில்லையே! உடற்கொழுப்பு வெறும் சுமையன்று. அதுவும் அழற்சிச் செய்திகளை அனுப்பும் ஓர் இழையம் என்பதே விளக்கம். மறுபுறத்திலே, பொழுதுபோக்காக ஓடுபவர்களின் இடுப்பு, முழங்கால் மூட்டுகளிலே இந்நோய் 3.5 சதவீதமும், ஓடாது அமர்ந்து வாழ்பவரிடையே 10.2 சதவீதமும் காணப்பட்டதாக 2017 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வொன்று கூறியது. நலமுள்ளவரே ஓட வருகின்றனர் என்று கொள்ள இடமுண்டாயினும், ஓட்டம் மூட்டைத் தேய்க்கும் என்ற அச்சத்துக்கு இஃது இடந்தரவில்லை.

சுதா அகர்வால் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இவ்விடத்தே பெரிதும் பொருந்துவது. குருத்தெலும்புக் கலங்களை மென்மையாக இழுத்து இழுத்து விட்டபோது, முன் சொன்ன என்.எஃப். கப்பா-பி அடங்கியது, கடுமையாக இழுத்தபோது அதுவே பொங்கி எழுந்தது. அளவான அசைவு கலங்களின் செவியில் அமைதிச் செய்தியாகவும், அளவு மீறிய அசைவு அழிவுச் செய்தியாகவும் விழுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் மொழிந்தனர். அளவான அசைவே அமுதமாகும் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பகை இன்னதென்று தெரிந்தபின் அதனைத் தடுக்கும் மருந்து ஏன் இல்லை என்று மாணவர் கேட்கக்கூடும். முயன்றனர். இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் மருந்துகளை முழங்கால் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வியப்பாக, இருதய நோயாளருக்காக நடத்திய பெரும் ஆய்வொன்றிலே, அதே புரதத்தைத் தடுக்கும் கனாகினுமாப் என்னும் மருந்தைப் பெற்றோரிடையே இடுப்பு, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்ததாக 2020 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அழிவு முற்றுமுன் நெடுங்காலம் தடுத்தால் பயன் வருமோ என்று எண்ண இஃது இடந்தருகிறது. எனினும் முழங்கால் நோவுக்குரிய மருந்தாக அது வந்துவிடவில்லை. ஒரு செய்தியைத் தடுத்தால் வேறு வழியாகச் செய்தி சென்றுவிடுகிறது. மூட்டு அத்துணை வாயில்களை உடையது. இழந்த குருத்தெலும்பை மீட்கும் மருந்து இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

எமது மண்ணின் மருத்துவம் இதுபற்றி யாது கூறுகிறது? சித்த மருத்துவர் இந்நோயை அழல் கீல்வாயு என்பர். அழல் என்றால் நெருப்பு. கீல் என்றால் மூட்டு. தேய்மானம் என்னாது அழல் என்று பெயரிட்ட நுண்மையை எண்ணி நாம் பலமுறை வியந்ததுண்டு. கப்பல்துறையிலே ஆயுர்வேத வைத்தியசாலை ஒன்று இயங்குகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. ஆதலின் மரபையும் ஆய்வையும் ஒருங்கே நிறுத்தும் வாய்ப்பு இம்மாவட்டத்துக்கு உண்டு. மஞ்சளின் சத்து என்.எஃப். கப்பா-பியை அடக்குவதாக ஆய்வுகூடத்துக் கலங்களிலே காட்டப்பட்டுள்ளது. ஆயின் கலத்திலே கண்டது காலிலே பலிக்குமா? அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிலே முழங்காலில் நோவும் நீரும் கொண்ட 70 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மஞ்சட் சாரம் உண்டவர்க்கு நோவு சற்று மிகுதியாகக் குறைந்தது. மூட்டு நீரும் குருத்தெலும்பும் மாறவில்லை. இதுவே நேர்மையான கணக்கு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலே நீராடி வருவோர், "கால் இலேசாயிற்று" என்பதும் பொய்யன்று. வெப்பம் இறுக்கத்தைத் தளர்த்தி நோவை ஆற்றும். வலையை மீண்டும் நெய்யாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். நோவு தாங்காது, கடையிலே கேட்டு வாங்கும் நோவு நீக்கிகளை மாதக்கணக்காக விழுங்குவோர் நம்மிடையே பலர். அவற்றுட் சில சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுப்பன. சிறுநீரக நோய் மலிந்த பதவி சிறீபுரப் பகுதியும் எமது மாவட்டத்திலேயே இருக்கின்றது என்பதை மறத்தல் ஆகாது. நாட்டு மருந்தெனப் பெயர் சூட்டி விற்கும் சில தூள்களிலே ஸ்டீரொயிட் கலந்திருந்தமை பல நாடுகளிலே கண்டறியப்பட்டுள்ளது. மூன்றே நாளில் நோவு பறந்தது என்றால், மகிழ்வதற்கு முன் அத்தூளில் இருப்பது யாதெனத் தகுதி பெற்ற வைத்தியரிடம் கேட்பது நன்று.

இனி இல்லத்திலே செய்யக்கூடியன. உடல் எடையிலே ஒரு கிலோ குறைந்தால், அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறதென 2005 ஆம் ஆண்டின் ஆய்வொன்று அளந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு, நோவுடன் கூடிய இந்நோய் வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்ததென அமெரிக்காவின் ஃபிரமிங்ஹம் நகரத்து ஆய்வு 1992 ஆம் ஆண்டில் கூறிற்று. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தோர்க்கு முழங்கால் நோய் மிகுதியென பீஜிங் நகரத்து முதியோரிடம் நடத்திய ஆய்வு 2004 ஆம் ஆண்டில் காட்டியது. ஆதலின் துருவலையையும் அரிவாளையும் தரையிலிருந்து மேசைக்கு உயர்த்துவது ஆடம்பரமன்று. அன்னைக்குச் செய்யும் மருத்துவம். அடுப்படியை அமைக்கும்போதே இதனை எண்ணும் மகனும் மருமகளும் வாழ்க.

எல்லாவற்றிலும் மேலானது தசையை வலுப்படுத்துவது. எம் பெரியம்மாவுக்கு இயன்முறை மருத்துவர் ஒருவர் கற்பித்தது இவ்வளவே: கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, சில நொடி தாங்கி, மெல்ல இறக்குதல், கைப்பிடியைப் பற்றாது கதிரையிலிருந்து பலமுறை எழுந்தமர்தல், பொறுக்கும் அளவுக்கு நாள்தோறும் நடத்தல். முதல் மாதம் முணுமுணுத்தார். மூன்றாம் மாதம் சந்திக் கடைவரை சென்று தாமே மரக்கறி வாங்கி வந்தார். நோவு முற்றாக நீங்கவில்லை; இன்றும் மழைக்காலக் காலைகளிலே முழங்காலைத் தடவிக்கொண்டுதான் எழுகிறார். ஆயினும் கைகொடுக்க வருவோரை, "தள்ளி நில்லு பிள்ளை" என்று விலக்கும் வீறு திரும்பிவிட்டது. எல்லோருக்கும் இதுவே போதும் என்று நாம் கூறவில்லை. நோய் முற்றியோர்க்குச் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். மூட்டு திடீரெனச் சிவந்து, வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மாணவர்க்கும் இதிலே ஒரு பங்குண்டு. விளையாட்டிலே முழங்காலின் உட்பட்டியோ பிறைக் குருத்தோ கிழிந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் இந்நோயை அடைகின்றனர். ஆதலின் கரப்பந்தாட்டக் களத்திலே கால் பிறழ்ந்தால், எண்ணெய் தடவிவிட்டு மறுநாளே குதிக்காது, முறையாகக் காட்டித் தசை வலுத்த பின்னரே களம் இறங்குவது அறிவுடைமை. முதுமையின் நோயென்று நாம் தள்ளிவைப்பது இளமையிலேயே வித்திடப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019 ஆம் ஆண்டிலே உலகில் 52 கோடி 80 இலட்சம் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர். இத்துணைப் பேரையும் 'தேய்ந்தவர்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது எவ்வளவு கொடிது! தேய்ந்தது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அழல்கிறது என்றால் தணிப்பதற்கு வழியுண்டு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அன்னையோ தந்தையோ எழ முயலும்போது, "தேஞ்சு போச்சு, இருங்கோ" என்னும் சொல்லை இனியேனும் விடுவோம். "வாருங்கோ, படலைவரை நடப்பம்" என்று சொல்லி, அவர்களோடு நாமும் நான்கு அடி நடப்போம்.